ஒலியை விழுங்கும் துளைகள்

கடலூரையடுத்த தேவனாம்பட்டினக் கடற்கரையில் நின்று ஒருவன் கூவினால், அக்குரல் வெளியிற் பரந்து மறையும், மீண்டு வாராது. சிதம்பரம் கோயிலின் கருங்கல் மண்டபங்களிலோ, ஒலி கல்லில் மோதி மோதித் திரும்பும். ஒரு சொல் அடங்குமுன் மறுசொல் வந்து கலக்கும். நாதசுர இசைக்கு அம்முழக்கம் அழகூட்டலாம். பாடஞ் சொல்லும் ஆசிரியருக்கோ அதனினும் பெரிய இடையூறு வேறில்லை.

1895-ஆம் ஆண்டில், அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் இக்குறையுடைய கூடமொன்றை ஆராயத் தொடங்கிய சாபின் என்னும் அறிஞர், திறந்த சாளரத்தையே ஒலியுறிஞ்சலுக்கு அளவுகோலாகக் கொண்டார். சாளரத்தின் வழியே சென்ற ஒலி திரும்பாதன்றோ?

சுவர் முழுவதையும் சாளரமாக்க இயலாது. ஆயினும், சுவருக்குச் சற்று முன்னே துளையிட்ட பலகையை நிறுத்தலாம். துளையிலுள்ள காற்று சிறு எடைக்கல் போன்றது. பலகைக்குப் பின்னுள்ள காற்று சுருள்வில் போன்றது. ஏற்ற அதிர்வெண்ணுடைய ஒலி தாக்குங்கால் துளைக்காற்று முன்னும் பின்னும் விரைந்தாடும். அவ்வாட்டத்தில் அது துளையின் ஓரங்களில் உராய, ஒலியாற்றல் வெப்பமாக மாறும். இடைவெளியை அகலமாக்கினால் தாழ்ந்த சுருதியுடைய ஒலிகள் அகப்படும். பெருந்துளைகளில் உராய்வு போதாது. ஆகவே பின்னே பஞ்சு போன்ற பொருளை வைப்பர்.

துளையை ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவாக நுண்ணிதாக்கினால் பஞ்சே வேண்டா என்பதைச் சீன அறிஞர் மா தாயோ 1975-இல் கணக்கிட்டுக் காட்டினார். செருமனியின் பான் நகரில் 1992-இல் திறக்கப்பெற்ற புதிய பாராளுமன்றக் கூடத்தில், வட்டமாய்ச் சூழ்ந்த கண்ணாடிச் சுவர்கள் ஒலியைக் குவித்துப் பேச்சைக் குழப்பின. உறுப்பினர் பழைய கூடத்திற்கே மீண்டனர். நுண்துளைகளிட்ட தெளிந்த தகடுகளைக் கண்ணாடியின் முன்னே நிறுத்திய பின்னர், 1993-இல் அவர்கள் திரும்பி வந்தனர். பேச்சும் விளங்கிற்று, வெளிக்காட்சியும் மறையவில்லை.