கோட்டம் தீர்க்கும் வாள்

நூல் என்னும் சொல்லுக்குப் பஞ்சினால் நூற்ற இழை என்பது ஒரு பொருள். அறிஞர் இயற்றும் ஏடு என்பது மற்றொரு பொருள். இவ்விரண்டையும் இணைத்துக் காட்டியவர் நன்னூல் செய்த பவணந்தி முனிவர். தச்சன் அடிக்கும் நூலால் மரத்தின் வளைவு நீங்குவது போலக் கற்கும் நூலால் மாந்தர் உள்ளத்தின் வளைவு நீங்கும் என்னும் கருத்தை அவர் தம் இலக்கணத்தின் பாயிரத்தில் வைத்தார். இதனை வகுப்பில் விளக்க முற்படும் ஆசிரியருக்கு இன்று ஓர் இடர்ப்பாடு உண்டு. தச்சன் நூலடிப்பதை நகரத்து மாணவர் கண்டதில்லை. பலகை என்பது கடையில் விற்கும் பண்டம் என்ற அளவிலேயே அவர்கள் அதனை அறிவர். மரம் எவ்வாறு நேரான பலகையாகிறது, அந்த நேர்மை எதனால் கெடுகிறது, எதனால் காக்கப்படுகிறது என்பவற்றை அறிந்தால் பாயிரத்தின் உவமையும் உயிர்பெறும்.

குழியறுப்பு

பண்டைத் தச்சர் செங்காவியோ கரியோ தோய்த்த நூலை அடிமரத்தின் இரு முனைகளிலும் இழுத்துப் பிடித்து, நடுவில் சுண்டி விடுவர். மரத்தின் மேல் நேரான கோடு விழும். பிறகு அம்மரத்தைக் குழியின் மேல் கிடத்தி, மேலே ஒருவரும் குழிக்குள் ஒருவருமாக நின்று நீண்ட வாளை இழுப்பர். மேலாள் கோட்டைக் கண்ணால் பற்றிக்கொண்டு வாளைச் செலுத்துவார்; கீழாள் மரத்தூளைத் தலையில் ஏற்றுக்கொண்டு இழுப்பார். வாள் கோட்டை விட்டு விலகினால் மேலாளின் கை உடனே திருத்தும். நேர்மை மனிதனின் கண்ணிலும் கையிலும் இருந்த காலம் அது.

டோபி காட்டில் ஒரு மரம்

சிங்கப்பூரின் டோபி காட் பழைய பெயரைத் தாங்கி நிற்கும் இடம். 'டோபி' என்றால் சலவைத் தொழிலாளர். 'காட்' என்றால் படித்துறை. தமிழில் வண்ணார் துறை என்று சொல்லிவிடலாம். 19-ஆம் நூற்றாண்டில் இந்தியச் சலவைத் தொழிலாளர் அங்கிருந்த ஓடையில் துணி துவைத்து, பக்கத்துப் புல்வெளியில் உலர்த்தினர். இன்று அதன் அடியில் மூன்று ரயில் தடங்கள் சந்திக்கின்றன. ஆயினும் பக்கத்தில் ஃபோர்ட் கேனிங் குன்றும், இஸ்தானா வளாகமும், ஆர்ச்சர்ட் சாலையும் மரநிழலை இழந்துவிடவில்லை. தென்னமெரிக்காவிலிருந்து வந்த தூங்குமூஞ்சி மரமும், நம் வேங்கைக்கு உடன்பிறப்பாகிய அங்சானாவும் அங்கு ஓங்கி நிற்கின்றன.

விடியற்காலையில் வீசும் சுமாத்ராக் காற்றில் இத்தகைய மரம் ஒன்று சாய்ந்தால் அதன் கதி என்ன? நகரத்து மரங்களிற் பெரும்பாலானவை சிறு சில்லுகளாக அரைக்கப்பட்டு உரமாகவோ எரிபொருளாகவோ முடிகின்றன. முற்காலத்தில் காலாங் ஆற்றங்கரையில் மரம் அறுக்கும் ஆலைகள் இருந்தன; அடிமரங்கள் நீரில் மிதந்து வந்தன. சிங்கப்பூர் ஆற்றையும் காலாங் படுகையையும் 1977 முதல் 1987 வரை தூய்மை செய்த பெருமுயற்சியில் ஆற்றங்கரைத் தொழில்கள் பலவும் இடம்பெயர்ந்தன. மரத்தொழிலுக்கு வடக்கே சுங்கை காடுட் தொழிற்பேட்டை இடமளித்தது. சாய்ந்த ஒற்றை மரத்துக்காகப் பேராலை ஒன்றை இயக்குவது கட்டுபடியாவதில்லை. அந்த இடைவெளியை நிரப்பக்கூடியது நடமாடும் மர ஆலை. மரத்தை ஆலைக்குக் கொண்டு செல்லாமல், வண்டியில் பூட்டிய ஆலையையே மரத்திடம் கொண்டுவந்து விடலாம்.

பட்டைவாளின் அமைப்பு

மில்களில் 'பேண்டு சா' என்று வழங்கும் பட்டைவாள், முடிவில்லாத எஃகு நாடா. அதன் ஒரு விளிம்பில் பற்கள் உண்டு. இரண்டு சக்கரங்களின் மீது பெல்ட் போல அது ஓடுகிறது. இங்கிலாந்தின் வில்லியம் நியூபெரி 1808-இல் இதற்குக் காப்புரிமை பெற்றார். ஆயினும் நாடாவின் முனைகளைச் சேர்த்த இடம் ஓட்டத்தைத் தாங்கவில்லை. பிரான்சு நாட்டு அம்மையார் ஆன் போலின் கிரெபின் 1846-இல் முனைகளைப் பற்றவைக்கும் வழிகண்ட பின்னரே இக்கருவி பயனுக்கு வந்தது.

நடமாடும் ஆலையில் அடிமரம் அசையாமல் படுக்கையில் கிடக்கும். எஞ்சினும் சக்கரங்களும் வாளும் அடங்கிய தலைப்பகுதி தண்டவாளத்தின் மீது நகர்ந்து மரத்தைக் கிடைமட்டமாக அறுத்துச் செல்லும். வாளின் அகலம் ஏறத்தாழ 32 மில்லிமீட்டர். தடிப்பு 1 மில்லிமீட்டர் அளவே. இம்மெல்லிய நாடா தூளாக்கி வீணாக்குவது ஒவ்வோர் அறுப்பிலும் 2 மில்லிமீட்டர்தான். வட்டவாள் இதனைப் போல் இருமடங்கு, மும்மடங்கு தின்றுவிடும். சிக்கனமே இதன் சிறப்பு. ஆனால் அச்சிறப்பே இதன் பலவீனமும் ஆகும். மெல்லிய நாடா எளிதில் வளையும். குழியறுப்பில் இருந்த மேலாளின் கண் இங்கு இல்லை. வாள் மரத்துக்குள் மறைந்து ஓடும்போது அதனைத் திருத்த எவராலும் இயலாது. எனவே நேர்மை முழுவதும் அறுப்பதற்கு முன்பே இயந்திரத்தில் அமைந்திருத்தல் வேண்டும். பராமரிப்பு என்பதன் பொருள் இதுவே.

அலையின் விலை

பலகை சிறிது அலைந்தால் என்ன, இழைப்புளி போட்டுச் சரிசெய்யலாமே என்று தோன்றும். கணக்கிட்டுப் பார்க்கலாம். 25 மில்லிமீட்டர் தடிப்பில் பலகை வேண்டும். இழைப்பதற்கு 3 மில்லிமீட்டர் கூட்டி 28-ஆக அறுக்கிறோம். வாள் தின்பது 2. ஆகப் பலகைக்கு 30 மில்லிமீட்டர். சதுரித்த மரத்தின் உயரம் 600 மில்லிமீட்டராயின் 20 பலகைகள் கிடைக்கும். ஒவ்வொரு முகத்திலும் இரண்டரை மில்லிமீட்டர் அலைவு ஏற்படுமாயின் 33-ஆக அறுத்தாக வேண்டும், வாளுடன் 35. அப்போது கிடைப்பவை 17 பலகைகளே. மூன்று பலகைகள் இழைப்புச் சுருளாகக் குப்பைக்குப் போயின. மரம் அந்தப் பருமனை எய்தப் பல பத்தாண்டுகள் ஆயின என்பதை நினைத்தால் இது சிறு இழப்பன்று.

பலகையே சாட்சி

அறுப்பு கோணினால் பலரும் முதலில் செய்வது வாளை மேலும் முறுக்குவது. அல்லது புது வாள் மாட்டுவது. நோய் இன்னதென்று அறியாமல் மருந்து கொடுப்பது போன்றது இது. அறுத்த பலகையைத் திருப்பிப் பார்த்தால் அதுவே காரணத்தைக் கூறும். கோணல்கள் நான்கு வகை.

முதலாவது, பலகை நெடுக அலை அலையாக வருதல். மழுங்கிய பல், குறைந்த பல் விரிப்பு, தளர்ந்த இறுக்கம், மிகுந்த தள்ளுவேகம் ஆகிய நான்கில் ஒன்றோ பலவோ இதற்குக் காரணம். கணு உள்ள இடங்களில் மட்டும் அலை எழுந்தால், கூர்மழுங்கிய வாள் கடினமான கணுவை வெட்டமாட்டாமல் விலகிச் செல்கிறது என்பது தெளிவு.

இரண்டாவது, வாள் ஒரே பக்கமாக மேலேறுதல் அல்லது கீழிறங்குதல். பற்கள் ஒன்று இடமும் ஒன்று வலமுமாக விரிந்திருக்கும். ஒருபக்கப் பற்கள் கூடுதலாக விரிந்தோ கூர்மையாகவோ இருப்பின் வாள் அப்பக்கமே சாயும். வாளைத் தாங்கும் 'கைடு' உருளைகள் சாய்ந்திருந்தாலும் இதே விளைவு உண்டாகும்.

மூன்றாவது, சதுரம் கெடுதல். இது ஏமாற்றும் இயல்புடையது. வாளும் படுக்கையும் ஒன்றுக்கொன்று இணையாக இல்லாவிட்டாலும், அடுத்தடுத்த அறுப்புகள் ஒரே சாய்வில் செல்வதால் இடைப்பட்ட பலகைகள் சீரான தடிப்பிலேயே வரும். குற்றம் அடியில் எஞ்சும் கடைசிப் பலகையில்தான் வெளிப்படும். அதன் ஒரு விளிம்பு தடித்தும் மறு விளிம்பு மெலிந்தும் இருக்கும். மரத்தைப் புரட்டி அறுத்தபின் மூலைமட்டம் வைத்தால் கோணம் கூடாமை தெரியும்.

நான்காவது, அறுப்பு நேராகச் சென்றும் பலகை வில்லாக வளைதல். இது வாளின் குற்றமன்று, மரத்தின் குணம். சாய்ந்து வளர்ந்த மரத்திலும் பெருங்கிளையிலும் உள்ளிறுக்கம் தங்கியிருக்கும். தோட்டப்புறத்தினர் நன்கறிந்த ரப்பர் மரமும் இவ்வகையினதே. ஒரு பக்கத்தை அறுத்ததும் மீதி மரம் படுக்கையை விட்டு முனை தூக்கும். எதிரெதிர்ப் பக்கங்களிலிருந்து மாற்றி மாற்றி அறுத்து இறுக்கத்தைச் சமன்செய்தலே இதற்கு வழி. இங்கு வாளை முறுக்குவோர் குற்றமற்ற வாளைத் தண்டிக்கின்றனர்.

சரிபார்க்கும் வரிசை

அளவெடுக்கும் முன் எஞ்சினை நிறுத்தி, அது தானே இயங்காதவாறு சாவியையோ ஸ்பார்க் பிளக்கின் கம்பியையோ நீக்கிவிட வேண்டும். கைகளுக்குக் கனத்த உறை வேண்டும். பின்னர் கீழிருந்து மேலாகச் சரிபார்த்து வரல் வேண்டும். அடித்தளம் கோணியிருக்க மேற்பகுதியைத் திருத்துவது வீண்வேலை.

முதலில் நிலம். மழையில் ஊறிய களிமண்ணில் ஆலையின் கால்கள் புதையும். காலுக்கடியில் தடித்த பலகைத் துண்டுகள் இடுவது இன்றியமையாதது. அடுத்தது படுக்கை. அதன் குறுக்குச் சட்டங்களின் மேல் ஒரு முனையிலிருந்து மறு முனைக்கு நூலை இழுத்துக் கட்டினால் எந்தச் சட்டம் தாழ்ந்தது, எது உயர்ந்தது என்பது தெரிந்துவிடும். எஞ்சின் பூட்டிய ஆலைக்கும் நேர்மை காட்டுவது பழைய தச்சனின் நூலே.

மூன்றாவது, வாளுக்கும் படுக்கைக்கும் உள்ள தூரம். ஒவ்வொரு குறுக்குச் சட்டத்திலும் இரு முனைகளில் அளந்தால் வேறுபாடு 1 மில்லிமீட்டரைத் தாண்டலாகாது. நான்காவது, கைடு உருளைகள். இவை வாளை 6 மில்லிமீட்டர் அளவு கீழே அழுத்திப் பிடித்தால்தான் வாள் அதிராது. வாளின் முதுகுக்கும் உருளையின் விளிம்புக்கும் இடையே இரண்டு மூன்று மில்லிமீட்டர் இடைவெளி வேண்டும். ஓயாமல் உரசினால் வாள் சூடேறி வெடிக்கும். ஒரு சாண் நீளத்துக்குக் குறையாத நேர்க்கோல் ஒன்றைப் பல்லின் மேல் படாமல் வாளில் கவ்வ வைத்து, அதன் முன்முனையும் பின்முனையும் படுக்கைக்கு ஒரே உயரத்தில் உள்ளனவா என்று பார்த்தால் உருளையின் சாய்வு தெரியும். இவ்வளவுகள் இயந்திரத்துக்கு இயந்திரம் சிறிது மாறும். தயாரித்தவரின் கையேடே முடிவானது.

வாளைப் பேணுதல்

பேராலைகளில் வாளைப் பேணுபவரை ஆங்கிலத்தில் 'வாள் மருத்துவர்' என்றே அழைத்தனர். நடமாடும் ஆலையில் அறுப்பவரே மருத்துவரும் ஆவார். வாள் முற்றும் மழுங்கிய பிறகு தீட்டுவது பிழை. ஒன்றிரண்டு மணிநேர ஓட்டத்துக்குப் பின் கழற்றி ஓய்வு கொடுத்துத் தீட்டினால் வாள் நெடுநாள் உழைக்கும். தீட்டும்போது பல்லின் நுனியை மட்டும் தொடாமல், பல்லிடைக் குழியையும் சேர்த்துத் தேய்க்க வேண்டும். வாளை அறுக்கும் நுண்ணிய வெடிப்புகள் அக்குழியில்தான் தோன்றுகின்றன. தீட்டத் தீட்டப் பல்லின் விரிப்பு குறையும். ஒவ்வொரு பக்கமும் அரை மில்லிமீட்டர் அளவு இருக்கிறதா என்று அளந்து, குறைந்தால் மீண்டும் விரிக்க வேண்டும்.

ஓடும் வாள் சூட்டில் நீளும், இறுக்கம் தளரும். வேலைக்கிடையில் அதனைப் பார்த்துக்கொள்வதும், வேலை முடிந்ததும் இறுக்கத்தைத் தளர்த்தி வைப்பதும் கடமை. தளர்த்தாவிடின் குளிர்ந்து சுருங்கும் வாள் தன்னையும் சக்கரத்தையும் வருத்தும். சக்கரத்தின் மீதுள்ள ரப்பர் பெல்ட் தேய்ந்து வாள் இரும்பில் பட்டால் பல்லின் விரிப்பு அழியும். மரப்பாலும் பிசினும் ஒருபக்கம் ஒட்டினால் வாள் மறுபக்கம் தள்ளப்படும். சொட்டுச் சொட்டாக நீர் விழச் செய்தால் இது நீங்கும். தள்ளுவேகமும் அறிந்து செய்ய வேண்டுவது. மிக விரைந்தால் வாள் வளையும். மிகத் தாமதித்தால் பற்கள் வெட்டாமல் தேய்த்து, மாவு போன்ற தூளை உண்டாக்கிச் சூடேறும்.

நகரத்து மரத்துக்குத் தனி எச்சரிக்கை ஒன்று உண்டு. அறிவிப்புப் பலகைக்கு அடித்த ஆணியையும், விளக்குக் கட்டிய கம்பியையும் மரம் தன்னுள் விழுங்கி மூடிவிடும். உலோகம் காட்டும் கருவியால் தடவிப் பார்க்காமல் வாளை விட்டால் ஒரே நொடியில் பற்கள் போய்விடும்.

உவமையின் பொருள்

தமிழில் கோட்டம் என்பது வளைவையும் குறிக்கும், மனத்தின் நேர்மையின்மையையும் குறிக்கும். செம்மை என்பது நேராயிருத்தலையும் சிறப்பையும் ஒருங்கே குறிக்கும். இச்சொற்களைத் தந்த முன்னோர் மரத்தையும் வாளையும் அருகிருந்து கண்டவர்கள். பட்டைவாளைக் கண்ட பின் பாயிரத்தின் உவமையில் மற்றொன்றும் புலனாகும். நூல் மரத்தை அறுப்பதில்லை. கோணல் எங்கே உள்ளது என்று காட்டுவதே அதன் தொழில். வாளின் குற்றம் எது, படுக்கையின் குற்றம் எது, மரத்தின் இயல்பு எது என்று பிரித்தறிந்தவரே நேரான பலகையை எடுக்கிறார். அப்படிப் பிரித்தறியும் வழக்கம் ஊன்றினால், டோபி காட்டில் சாயும் மரம் சில்லாகப் போகாமல் ஒரு பள்ளியின் மேசையாகவோ நூலகத்தின் பலகைத் தட்டாகவோ மீண்டும் எழுந்து நிற்கும்.