டெலீட் பண்ணினா மறந்துடுமா?

உங்க சாட்ஜிபிடி-யிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டுப் பாருங்க... ‘என்னைப் பத்தி உனக்கு என்னென்ன தெரியும்?’ கேட்கும்போது பக்கத்துல யாரும் இல்லாம பார்த்துக்கங்க. ஹாஸ்டல்ல ஒரே அக்கவுன்ட்டை நாலு பேர் ஓட்டுறீங்கன்னா இன்னும் உஷார். உங்க லவ் மேட்டர், அவனோட அரியர், இன்னொருத்தனோட வீட்டுக் கடன்னு மொத்தமும் ஒரே பதில்ல வந்து விழ வாய்ப்பு இருக்கு!

2024 பிப்ரவரியில்தான் அதுக்கு ‘மெமரி’ன்னு ஒரு வசதி கொடுத்தாங்க. நாம சொல்றதுல முக்கியமானதைக் குறிச்சு வெச்சுக்கும். 2025 ஏப்ரல்ல அடுத்த படி. பழைய சாட்களையும் புரட்டிப் பார்த்துப் பதில் சொல்ல ஆரம்பிச்சுது. வசதிதான், இல்லைன்னு சொல்லலை. ஆனா, செகண்ட் இயர்ல ‘எனக்குக் கோடிங் சுத்தமா வராது, மேத்ஸ்ல அரியர், ஈஸியா சொல்லு’ன்னு நீங்க புலம்பியிருப்பீங்க. அரியரை க்ளியர் பண்ணி, ஃபைனல் இயர் வந்து, ப்ளேஸ்மென்ட்டுக்கு ப்ராக்டீஸ் கேட்டா... அது இன்னும் அந்தப் பழைய ஆளுக்கே பாடம் நடத்திட்டு இருக்கும். நீங்களும் ‘கம்பெனியில இவ்வளவு ஈஸியாத்தான் கேட்பாங்கபோல’ன்னு நம்பி இன்டர்வியூவுக்குப் போவீங்க. இதுதான் ஆபத்து!

சரி, அந்த சாட்டையே தூக்கிட்டா? ம்ஹூம். சாட் வேற, அதிலிருந்து எடுத்து வெச்ச மெமரி வேற. சாட்டை அழிச்சாலும் மெமரி அப்படியே உட்கார்ந்திருக்கும். மெமரியை மட்டும் அழிச்சா சாட் மிச்சமிருக்கும். ரெண்டு இடத்துலயும் கை வைக்கணும். ‘ஆர்க்கைவ்’ பட்டனை அமுக்கிட்டு, ‘அப்பாடா, போச்சு’ன்னு இருக்கிறவங்கதான் ரொம்பப் பாவம். அது குப்பைத்தொட்டி இல்லை மக்கா, பரண்! கண்ணுக்குத் தெரியாது, அவ்வளவுதான்.

இதெல்லாம் எப்படி வேலை செய்யுதுன்னு தெரிஞ்சுக்க, 2023-ல் ஸ்டான்ஃபோர்டு யுனிவர்சிட்டி ஆராய்ச்சியாளர்கள் பண்ணின ஒரு சூப்பர் எக்ஸ்பெரிமென்ட் இருக்கு. ஒரு குட்டி கம்ப்யூட்டர் ஊர், அதுல 25 ஏஐ கேரக்டர்கள். ஒவ்வொருத்தருக்கும் நடந்ததெல்லாம் நினைவுல சேர்ந்துக்கிட்டே போகும். எதை முதல்ல ஞாபகப்படுத்துறதுன்னு மார்க் போட மூணு விஷயம்: எவ்வளவு புதுசு, எவ்வளவு முக்கியம், இப்போ பேசுறதுக்கு எவ்வளவு சம்பந்தம். ‘புதுசு’ மார்க் அந்த ஊர்க் கணக்குப்படி மணிக்கு மணி 0.995 மடங்கா தேயும். கால்குலேட்டர்ல தட்டிப் பாருங்க... ஒரு வாரத்துல பாதிக்கும் கீழே, சுமார் 0.43. ஒரு மாசத்துல 0.03-க்கும் கீழே.

ஆனா மார்க்தான் குறையுதே தவிர, நினைவு அழியலை. யாராவது அதைப் பத்திப் பேச்செடுத்து அது ஒருமுறை வெளியே வந்துட்டா, திரும்ப ஒண்ணுல இருந்து ஸ்டார்ட்! இன்னொரு வில்லங்கமும் உண்டு. அந்த கேரக்டர்கள் நடந்ததை வெச்சு ஒரு முடிவுக்கு வந்து, அந்த முடிவையும் தனி நினைவா சேமிச்சுக்கும். நம்ம கதைக்கு வெச்சுப் பாருங்க. ‘அரியர்’ங்கிற வரியை அழிச்சிடலாம். ‘இவன் கணக்குல வீக்’ங்கிற முடிவு?

ஃபைனல் இயர் ப்ராஜெக்ட்டா மெமரி வெச்ச சாட்பாட் பண்றவங்க இதைக் கவனிங்க. எஸ்க்யூலைட்-ல டெலீட் கொடுத்தா, சாதாரண செட்டிங்கில் அந்த இடம் ‘காலி’ன்னு குறிக்கப்படுமே தவிர, ‘வேக்யூம்’ ஓட்டுற வரைக்கும் ஃபைல் சைஸ் குறையாது. பழைய எழுத்துகள் உள்ளேயே கிடக்கலாம். கூடவே அதோட வெக்டர், அதுல இருந்து எழுதின சுருக்கம், பேக்கப் காப்பின்னு வால் நீளமா போகும். ஒவ்வொரு குறிப்போடயும் அது எந்த சாட்ல இருந்து வந்துச்சுன்னு ஒரு ஐடி சேர்த்து வெச்சாதான் மொத்தமா பிடுங்க முடியும். டெமோவுல யாரும் இதைக் கேட்க மாட்டாங்க. ஆனா, நிஜமா ஆளுங்க யூஸ் பண்ணப்போற ப்ராஜெக்ட்னா இதுதான் மேட்டரே!

பெரிய கம்பெனியிலும் ‘டெலீட்’ நம்ம கையில மட்டும் இல்லை. அழிச்ச சாட்கள் வழக்கமா 30 நாளுக்குள்ள சிஸ்டத்தை விட்டுப் போயிடும்னு ஓப்பன்ஏஐ சொல்லுது. ஆனா, நியூயார்க் டைம்ஸ் போட்ட வழக்குல 2025 மே மாசம் அமெரிக்க கோர்ட், ‘அழிக்காதே, எடுத்து வை’ன்னு உத்தரவு போட்டுச்சு. அந்த வருஷம் செப்டம்பர் வரைக்கும், பல பேர் டெலீட் பண்ணின சாட்கள்கூட பத்திரமா இருந்துச்சு! நம்ம நாட்டுல 2023-ல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்துல, ‘என் தகவலை அழி’ன்னு கேட்கிற உரிமை இருக்கு. அதுக்கான விதிகள் 2025 நவம்பர்ல வெளியாச்சு. எல்லாம் ஒரே நாள்ல இல்லை, படிப்படியாத்தான் அமல்.

இந்த வார இறுதியில அரை மணி நேரம் ஒதுக்குங்க. முதல்ல செட்டிங்ஸ்ல போய் எக்ஸ்போர்ட் கேளுங்க. லிங்க் வரும், 24 மணி நேரம்தான் அதுக்கு ஆயுள். ரெக்கார்டு நோட்டுக்கு உதவின சாட், ப்ராஜெக்ட் ஐடியா எல்லாம் உங்க பென்டிரைவ்ல பத்திரமாகட்டும். அப்புறம் மெமரி லிஸ்ட்டைத் திறந்து காலாவதியானதைத் தூக்குங்க, அது வந்த சாட்டையும் சேர்த்து. ஃப்ரெண்டு உங்ககிட்ட மட்டும் சொன்ன ரகசியம் எதுவும் அதுல இருந்தா, அதுக்குத்தான் முதல் மரியாதை! இனிமே அந்த மாதிரி விஷயத்துக்கு ‘டெம்பரரி சாட்’ போதும், அதுல சொன்னது மெமரியில சேராது.

ஷேரிங் அக்கவுன்ட்னா ரூம்மேட்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டு ஆரம்பிங்க பாஸ். அவனோட செமினார் ரிப்போர்ட்டும் அங்கேதான் இருக்கும்!