கிராமத்துப் பொது நிலமும் அதன் காவலும்: குத்தம்பாக்கத்தின் அநுபவம்

ஒரு கிராமத்தின் செல்வத்தை அதன் நன்செய் புன்செய்களைக் கொண்டு மட்டும் மதிப்பிடுவது வழக்கமாயிருக்கிறது. பட்டா நிலத்திற்கு உடையவன் உண்டு, வேலி உண்டு, அதற்கென்று கவலைப்படுவாரும் உண்டு. ஏரியின் உட்புறமும், மந்தைவெளியும், தோப்பும், களத்துமேடும், மேய்க்கால் புறம்போக்கும் அப்படிப்பட்டவை அல்ல. அவை ஊர் முழுவதற்கும் பொதுவானவை. அதனாலேயே தனிப்பட்ட ஒருவர் கவலைக்கும் உட்படாதவை. காணி நிலமும் இல்லாத கூலியாள் ஒரு பசுவையோ நான்கு ஆடுகளையோ வளர்த்து ஜீவனம் செய்வது இந்நிலங்களை நம்பியே. ஆகையால் பொது நிலம் குறையுங்கால் முதலில் நஷ்டமடைகிறவர்கள் ஊரில் மிகவும் ஏழைகளாயிருப்பவர்களே.

புறம்போக்கு என்னும் சொல்லைக் கேட்டவுடன் எதற்கும் உதவாத நிலம் என்று பலர் எண்ணிவிடுகின்றனர். இது பெரும் பிழை. சாகுபடிக்கும் தீர்வைக்கும் புறம்பாக, ஊரின் பொது உபயோகத்திற்கென ஒதுக்கப்பெற்ற நிலமே புறம்போக்கு. 1767 முதல் 1774 வரை பார்னார்டு என்பார் செங்கற்பட்டு ஜாகீரின் கிராமங்களை அளந்தபோது, சாகுபடி நிலத்தோடு ஏரி, குளம், தோப்பு, காடு ஆகியவற்றையும் தனித்தனியே கணக்கிற் பதிந்தார். நிலத்தின் ஒரு பகுதியைப் பொதுவில் வைப்பது இப்பிரதேசத்துக் கிராமங்களின் நெடுநாளைய ஏற்பாடு என்பது இதனால் விளங்கும்.

நகரத்தின் வாயிலில் ஒரு கிராமம்

திருவள்ளூர் ஜில்லாவில் பூந்தமல்லிக்கு மேற்கே, செம்பரம்பாக்கம் ஏரிக்கு அண்மையில் உள்ளது குத்தம்பாக்கம். சென்னைக்குக் குடிநீர் தரும் அவ்வேரி 3,645 மில்லியன் கன அடி நீரைக் கொள்ளவல்லது. ஒரு காலத்தில் நகரத்திற்கு எட்டியிருந்த இப்பகுதி, இப்பொழுது அதன் வாயிற்படியாகிவிட்டது. 1998-இல் அருகிலுள்ள இருங்காட்டுக்கோட்டையில் மோட்டார் கார் உற்பத்தி ஆரம்பமாயிற்று. 2021-இல் குத்தம்பாக்கத்திலேயே ஒரு பெரிய பஸ் நிலையத்தின் கட்டட வேலை தொடங்கிற்று. இவற்றால் தொழிலும் போக்குவரவும் பெருகுமென்பது மெய்யே. ஆனால் நிலத்தின் விலை ஏற ஏற, விலையில்லாத பொது நிலத்தின்மேல் பலருடைய கண்ணும் விழுகிறது.

இவ்வூரில் 1996-இல் பஞ்சாயத்துத் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பெற்றவர் ரங்கசாமி இளங்கோ. இரசாயனப் பொறியியல் கற்று, உத்தியோகத்தை விட்டுச் சொந்த ஊர் திரும்பிய இவர், 2001-இல் மறுபடியும் தெரிவு செய்யப்பெற்றார். ஊரின் காரியங்களைக் கிராம சபையில் எல்லோர் முன்னிலையிலும் பேசி முடிவு செய்வதை இவர் ஒரு பழக்கமாக்கினார். இவ்வூரில் சமத்துவபுரம் எழுந்தபோது, ஊர் மண்ணை இறுக்கிச் செய்த கற்களைக் கொண்டு வீடுகள் கட்டப்பெற்றன. வேலையும் கூலியும் ஊராருக்கே கிடைத்தன. பல ஜாதிக் குடும்பங்கள் அங்கே அடுத்தடுத்துக் குடியேறின. கூடிப் பேசிக் கூடி உழைக்கும் இப்பழக்கத்தின் பலன் பின்னர் வந்த ஒரு சோதனையில் தெரிந்தது.

மேய்ச்சல் நிலத்தில் குப்பைமேடா?

சென்னையின் குப்பை நெடுங்காலம் பெருங்குடியிலும் கொடுங்கையூரிலும் கொட்டப்பெற்று மலைபோற் குவிந்தது. பெருங்குடிக் குப்பைமேடு பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தின் ஒரு பகுதியையே விழுங்கிற்று. புதிய இடங்களைத் தேடியபோது குத்தம்பாக்கம், மீஞ்சூர், மலைப்பட்டு ஆகிய ஊர்கள் குறிக்கப்பெற்றன. குத்தம்பாக்கத்தில் குறித்த இடம் ஊராரின் மேய்ச்சல் நிலம். 2010-ஐ ஒட்டிய வருஷங்களில் கிராமவாசிகள் இதனை ஒருமித்து எதிர்த்தனர். விஷயம் நியாயஸ்தலம் வரையிற் சென்றது. அந்நகரக் குப்பைமேடு அங்கே எழவில்லை.

அவர்களுடைய ஆட்சேபம் வெறும் அருவருப்பினால் எழுந்ததன்று. மழைநீர் குப்பைக்குள் இறங்கும்போது அழுகிய பொருள்களின் சாரத்தையும் உலோகங்களின் நஞ்சையும் கரைத்துக்கொண்டு கறுத்த கழிவுநீராக வெளிப்படுகிறது. அது மண்ணில் ஊறிக் கிணற்றைக் கெடுக்கும். வாய்க்கால் வழியாக ஏரியையும் சேரக்கூடும். கெட்ட நிலத்தடி நீர் ஒரு தலைமுறையில் சுத்தமாவது அரிது. இதனாலேயே 2016-ஆம் வருஷத்துத் திடக்கழிவு விதிகள், குப்பை நிரப்பும் இடம் ஆற்றிலிருந்து 100 மீட்டரும், குளம், குடியிருப்பு, குடிநீர்க் கிணறு ஆகியவற்றிலிருந்து 200 மீட்டரும் விலகியிருக்க வேண்டுமென விதித்தன.

சட்டம் அளிக்கும் துணை

1993-இல் அமலுக்கு வந்த 73-ஆவது அரசியலமைப்புத் திருத்தமும், 1994-ஆம் வருஷத்துத் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டமும் கிராம சபைக்கு நிலையான இடமளித்தன. ஜனவரி 26, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2 ஆகிய தினங்களோடு, 2022 முதல் மார்ச்சு 22, நவம்பர் 1 ஆகிய தினங்களிலும் சபை கூடலாயிற்று. பொது நிலத்தைப் பற்றிய எந்த யோசனையையும் அங்கே பகிரங்கமாக விவாதித்துத் தீர்மானத்தில் எழுதலாம். எழுதப்பெற்ற தீர்மானம் பின்னர்ச் சாட்சியாக நிற்கும்.

பஞ்சாப் மாகாணத்தில் ஒரு கிராமக் குளத்தைத் தூர்த்து வீடு கட்டியவர்களைப் பற்றிய வழக்கில், சுப்ரீம் கோர்ட்டு 2011 ஜனவரி 28-ஆம் தேதி அளித்த தீர்ப்பும் அறியத்தக்கது. கிராமப் பொது நிலங்களிலுள்ள ஆக்கிரமிப்புகளை அகற்றி, அவற்றைக் கிராமத்தின் பொது உபயோகத்திற்கே மீட்கத் திட்டம் வகுக்குமாறு எல்லா ராஜ்யங்களுக்கும் அது கட்டளையிட்டது. நெடுநாள் அநுபவித்தமையும், பெருஞ்செலவில் கட்டடம் எழுப்பியமையும் ஆக்கிரமிப்புக்கு நியாயமாகா எனவும் கூறிற்று.

ஊரார் செய்யத்தக்கவை

முதலாவது, நிலத்தை அறிதல். 1980-இல் கர்ணம், மணியம் ஆகிய பரம்பரை உத்தியோகங்கள் ஒழிந்தபின் கிராமக் கணக்குகள் கிராம நிர்வாக அலுவலரிடம் இருக்கின்றன. அ-பதிவேட்டில் ஒவ்வொரு புறம்போக்கின் சர்வே எண்ணும், வகையும், விஸ்தீரணமும் காணப்படும். அவற்றைப் படியெடுத்துக் கிராம சபையில் உரக்கப் படிக்க வேண்டும். தன் பொது நிலம் எத்தனை ஏக்கர் என்று அறியாத ஊர் அதனைக் காக்க மாட்டாது.

இரண்டாவது, எல்லையை நிலைநிறுத்தல். சர்வே கற்களைத் தேடிப் புல வரைபடத்தோடு ஒத்துப்பார்த்து, ஓரத்தில் அகழி வெட்டி, எடுத்த மண்ணை வரப்பாகப் போட்டு, அதன்மேல் பனங்கொட்டைகளை ஊன்றலாம். பனை வளர நாளாகும். ஆனால் பனைவரிசையைப் பெயர்த்து எல்லையை மாற்றுவது எளிதன்று.

மூன்றாவது, சீமைக்கருவேலை நீக்குதல். வெட்டிய அடியிலிருந்து அது மீண்டும் தழைக்குமாதலால் வேரோடு தோண்ட வேண்டும். அதன் காயைத் தின்ற ஆடுமாடுகளின் சாணத்தால் விதை பரவுகிறது. எனவே காய் முற்றுவதற்கு முன் வெட்டுவது உத்தமம். அதனை விறகாக விற்று ஜீவிப்போர் உண்டாகையால், பகுதி பகுதியாக நீக்குவதே தக்கது.

நான்காவது, புல்லும் மரமும் வளர்த்தல். மேய்ச்சல் நிலத்தை மூன்று நான்கு பாகங்களாக்கி, வடகிழக்குப் பருவ மழைக்குப்பின் ஒரு பாகத்தை மூடிவைத்தால், கொழுக்கட்டைப் புல் முதலியவை விதை உதிர்த்துச் செழிக்கும். அடுத்த வருஷம் வேறொரு பாகத்தை மூடலாம். ஓரங்களில் வேம்பு, புங்கு, வாகை, நாவல் முதலியவை நிழலும் தழையும் தரும். தாழ்ந்த மூலையில் ஒரு குட்டை இருப்பின் கால்நடைக்கு நீரும் கிணறுகளுக்கு ஊற்றும் உண்டாகும். எப்பாகத்தை எப்பொழுது மூடுவதென்பதை ஆடுமாடு மேய்ப்பவர்களையும், தழை விறகு சேகரிக்கும் பெண்களையும் கேட்டே நிச்சயிக்க வேண்டும். அவர்கள் இசையாத வேலி ஒரு வருஷமும் நில்லாது.

ஐந்தாவது, தன் குப்பையைத் தானே பேணுதல். நகரத்துக் குப்பை வேண்டாமென்னும் ஊர், தன் குப்பையை ஏரிக்கரையிற் கொட்டுவது முறையாகாது. மக்குவதைத் தனியே பிரித்து எருக்குழியில் இட்டால், எஞ்சுவது சொற்பமே. நகரவாசிகளும் இவ்விதமே தத்தம் வீட்டில் பிரிப்பார்களாயின், அயலூர் மேய்ச்சல் நிலத்தைத் தேடும் அவசியம் வெகுவாகக் குறையும்.

சர்க்காரின் உத்தரவும் நியாயஸ்தலத்தின் தீர்ப்பும் ஒரு முறை வரும் ஆபத்தைத் தடுக்கலாம். கேட்பாரற்றுக் கிடக்கும் நிலத்திற்கோ ஆபத்து நாள்தோறும் வரும். புல் முளைத்து, மரம் நிழல் தந்து, மாடு மேய்ந்துகொண்டிருக்கும் நிலத்தைத் தரிசென்று சொல்ல எவரும் துணியார். குடிமராமத்து நாளில் ஏரிக்கு வீட்டிற்கோர் ஆள் சென்றதுபோல், வருஷத்தில் இரண்டொரு நாளைப் பொது நிலத்திற்கென ஒவ்வொரு குடும்பமும் கொடுக்குமாயின், அதுவே அதற்கு உறுதியான வேலியாகும்.