பிளக்கின் காலை மாற்றினால் கரண்டு மாறுமா?

ஆண்டுதோறும் ஏப்ரல், அக்டோபர் மாதங்களில் சீனாவின் குவாங்சோ நகரில் நடக்கும் கேன்டன் கண்காட்சிக்குச் சென்று சரக்குப் பார்த்து வருவது நம் வியாபாரிகள் பலருக்கு வழக்கமாகிவிட்டது. விசா, டிக்கெட், டாலர் என்று எல்லாவற்றையும் பத்து முறை சரிபார்ப்பவர்கள், பிளக் அடாப்டரை மட்டும் கிளம்புகிற அன்று கைக்குக் கிடைத்ததை எடுத்துப் பையில் போட்டுக்கொள்கிறார்கள். நாமும் அப்படித்தான் செய்தோம். அதனால் பட்ட பாட்டை உறுப்பினர்களுக்குச் சொல்ல வேண்டியது நம் கடமை. ஏனெனில் அந்த அடாப்டரை விற்றவர்களும் நாமேதான்.

2016 ஏப்ரலில் நால்வர் சேர்ந்து குவாங்சோ சென்றிருந்தோம். எங்களில் மூத்தவர் பாத்திரக் கடை அண்ணாச்சி. சுத்த சைவம். அந்த ஊர் சாப்பாடு ஒத்துவராது என்று அரிசி, பருப்புப் பொடி, ஊறுகாயுடன் 1000 வாட் எலக்ட்ரிக் குக்கரும் கொண்டுவந்திருந்தார். குக்கரின் மூன்று உருண்டைக் கால் அங்குள்ள சுவர் பிளக்கில் நுழையாது. நம் கடையிலிருந்து எடுத்துச் சென்ற, "எல்லா நாட்டுக்கும் ஏற்றது" என்று அச்சிட்ட அடாப்டரில் செருகிச் சோறு வைத்துவிட்டு, பக்கத்து அறையில் விலைப்பட்டியலைப் பார்த்துக்கொண்டிருந்தோம். இருபது நிமிடம் ஆகியிருக்கும். பிளாஸ்டிக் கருகும் வாடை. ஓடிப் பார்த்தால் அடாப்டர் இளகித் தொங்குகிறது, சுவரில் கரி. கையால் பிடுங்கப் போன அண்ணாச்சியைத் தடுத்து, எங்களோடு வந்த இளைஞர் கதவருகே செருகியிருந்த அறைச் சாவி அட்டையை உருவினார். கரண்டு நின்றது. சுவருக்கு ஓட்டல்காரர் கேட்ட தொகையைக் கொடுத்தோம். அண்ணாச்சி கோபப்படவில்லை. "இது உங்க கடைச் சரக்குதானே தம்பி?" என்று மட்டும் கேட்டார். அன்று இரவு நமக்குத் தூக்கமில்லை.

ஊர் திரும்பியதும் அதே ரக அடாப்டர் ஒன்றை எலக்ட்ரீஷியனிடம் கொடுத்துப் பிரித்துப் பார்த்தோம். மேலே 10 ஆம்பியர் என்று எழுதியிருக்கிறது. குக்கர் இழுத்தது நாலரை ஆம்பியர்தான். ஆனால் உள்ளே இருந்த பித்தளைத் தகடு காகிதம் மாதிரி. குக்கரின் கால் அதில் இறுகப் பிடிக்கவில்லை. பிடிப்பு தளர்ந்த இடத்தில் சூடு ஏறும். சூடு ஏற ஏறத் தகடு இன்னும் தளரும். கடைசியில் பிளாஸ்டிக் உருகும். ஃபியூஸ் கிடையாது. எர்த் காலுக்கு ஓட்டை இருந்ததே தவிர, அதிலிருந்து வெளியே எந்த இணைப்பும் இல்லை. எர்த் இல்லாமல் உலோகப் பாத்திரம் உள்ள சாமானைப் போட்டு, உள்ளே ஒயர் நைந்து பாத்திரத்தைத் தொட்டுவிட்டால், ஃபியூஸ் போகாது. தொடுகிற ஆளுக்குத்தான் அடி. செல்போன் சார்ஜருக்கு எர்த் கால் வேண்டியதில்லை. குக்கர், கெட்டில், இஸ்திரிப் பெட்டிக்குக் கட்டாயம் வேண்டும்.

இன்னொரு தவறான எண்ணமும் நம்மிடையே பரவலாக இருக்கிறது. அடாப்டர் மாட்டினால் அந்த நாட்டுக் கரண்டு நம் சாமானுக்கு ஏற்றபடி மாறிவிடும் என்கிறார்கள். மாறாது. அடாப்டர் மாற்றுவது காலின் வடிவத்தை மட்டுமே. நம் நாட்டில் 230 வோல்ட். சீனாவில் 220. சிங்கப்பூர், மலேசியா, துபாய் எல்லாம் ஏறக்குறைய நம் அளவே. சதுரக் கால் மூன்று உள்ள பிளக், அவ்வளவுதான் வித்தியாசம். ஆனால் ஜப்பானில் 100 வோல்ட், தைவானில் 110, அமெரிக்காவில் 120. இதில் வேடிக்கை என்னவென்றால், ஜப்பானில் உள்ள இரண்டு தட்டைக் கால் ஓட்டை சீனாவிலும் இருக்கிறது. டோக்கியோவில் வாங்கிய 100 வோல்ட் சாமான் குவாங்சோ ஓட்டலில் அடாப்டரே இல்லாமல் அழகாக நுழையும். நுழைந்த மாத்திரத்தில் புகையும். இரண்டு மடங்குக்கு மேல் வோல்ட் ஏறினால், சூடாகும் சாமான் நாலு மடங்குக்கு மேல் கரண்டைத் தின்னும். மாறாக, நம்மூர் இஸ்திரிப் பெட்டியை ஜப்பானுக்குக் கொண்டுபோனால் ஐந்தில் ஒரு பங்குச் சூடுகூட வராது. மகள் அமெரிக்காவில் இருக்கிறாள் என்று இங்கிருந்து 230 வோல்ட் மிக்ஸி சுமப்பவர்களும் இதைக் கேட்டுக்கொள்ளுங்கள். அந்த நாட்டு வோல்ட்டுக்கென்றே செய்த மிக்ஸி இங்கேயே கிடைக்கிறது.

சாமானின் அடியில் உள்ள பொடி எழுத்தைக் கண்ணாடி போட்டுப் படிக்க வேண்டும். "இன்புட் 100–240 வோல்ட், 50/60 ஹெர்ட்ஸ்" என்று இருந்தால் எந்த நாட்டிலும் போடலாம். இப்போதைய செல்போன், லேப்டாப் சார்ஜர்கள் பெரும்பாலும் அப்படித்தான். 220–240 என்று மட்டும் இருந்தால் ஜப்பான், அமெரிக்கப் பயணத்தில் வீட்டிலேயே வைத்துவிடுங்கள்.

சிங்கப்பூர், துபாய் செல்பவர்கள் செய்யும் ஒரு காரியத்தைச் சொல்லாமல் விட முடியாது. அங்குள்ள பிளக்கில் மேல் ஓட்டையில் எர்த் கால் நுழைந்தால்தான் கீழ் ஓட்டைகளின் மூடி திறக்கும். நம்மவர் பேனாவை மேலே குத்தி, இரண்டு கால் சார்ஜரைக் கீழே அமுக்கிவிடுவார். மூடி வைத்திருப்பது பாதுகாப்புக்காக. அடாப்டர் விலை ஒரு காபி விலைதான்.

நம் கையிருப்பில் அப்போது மூன்று பெட்டி மிச்சம் இருந்தது. உடைத்துப் பழைய பிளாஸ்டிக்குக்குப் போட்டோம். "பக்கத்துக் கடையில் கிடைக்கிறதே, நீங்கள் மட்டும் ஏன் நிறுத்தினீர்கள்?" என்று சில்லறை வியாபாரிகள் இன்றும் கேட்கிறார்கள். இப்போது ஒரு நாட்டுக்கு ஒரு ரகம் என்று, எர்த் இணைப்பு உள்ளதாக, சதுரக் கால் ரகமானால் ஃபியூஸும் உள்ளதாக மட்டும் வைத்திருக்கிறோம். பெட்டிக்கு ஒன்றைப் பிரித்துப் பார்த்த பிறகே சரக்கு இறக்குகிறோம். விலை இரண்டு மடங்கு, ஓட்டமும் குறைவு. வாங்குபவர் குக்கர், கெட்டில் என்றால், அடாப்டரே வேண்டாம், போன ஊரில் அந்த ஊர் சாமானாக ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள் என்று சொல்லி அனுப்புகிறோம்.

பவர் பேங்க் பற்றியும் ஒரு வார்த்தை. அதைக் கைப்பையில்தான் வைக்க வேண்டும், லக்கேஜில் போடக்கூடாது. பொதுவாக 100 வாட்-அவர் வரை, அதாவது சுமார் 27,000 எம்.ஏ.எச். வரை, தனி அனுமதியின்றி விடுகிறார்கள். 2025 ஜூன் 28 முதல் சீனாவின் உள்நாட்டு விமானங்களில், அந்நாட்டின் 3சி முத்திரை தெளிவாக இல்லாத பவர் பேங்கை ஏற்றுவதில்லை. குவாங்சோவிலிருந்து ஈவூ சந்தைக்கு விமானத்தில் போக நினைப்பவர்கள் இங்கிருந்து கொண்டுபோனதை அங்கே செக்யூரிட்டியில் விட்டுவிட்டுப் போக வேண்டி வரும். அண்ணாச்சி இப்போது ரயிலில்தான் போகிறார். குக்கரையும் அங்கேயே ஒன்று வாங்கி, நமக்குத் தெரிந்த ஒரு ஏஜெண்ட் ஆபீஸில் வைத்திருக்கிறார்.