பழைய பிக்கப் ஏன் முனகுகிறது?

வேகம் கூடக்கூட ஓர் இரைச்சல். நிறுத்திவைத்து ஆக்ஸிலரேட்டரை அழுத்திப் பாருங்கள். சத்தம் வராவிட்டால் பெரும்பாலும் இன்ஜின் காரணமில்லை. ஆளில்லாத சாலையில் மெல்ல இடப்பக்கம் வளையுங்கள். எடை வலது சக்கரங்களுக்குச் சாயும். அப்போது இரைச்சல் ஏறினால் வலது வீல் பேரிங்கைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். கிரீஸ் வற்றியதும் அதன் எஃகுப் பாதையில் நுண்குழிகள் விழும். எடை தாங்கும் உருளைகள் அவற்றில் ஓயாமல் இடறுகிற அதிர்வே முனகலாகக் கேட்கிறது.

மேடுபள்ளமாகத் தேய்ந்த டயரும் இப்படியே இரையும். முன் டயரைப் பின்னால் மாற்றுங்கள். சத்தமும் இடம் மாறினால் டயர்தான். கியர் போடும்போது மட்டும் 'டக்' என்றால் சுழல்தண்டின் இணைப்பான ஜாயின்ட் கிராஸைப் பாருங்கள்.

சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி, மேலும் கீழும் பிடித்து அசைத்துப் பாருங்கள். ஆட்டம் இருந்தால் வண்டியை எடுக்காதீர்கள்; பேரிங் சிதைந்தால் சக்கரமே கழன்றுவிடலாம்.