வீட்டுக்குக் குழாய்க்கிணறு: தோண்ட வருபவரிடம் என்ன கேட்பது?

2020 செப்டம்பர் 3ஆம் தேதி ரவாங் அருகே சுங்கை கோங் ஆற்றில் கழிவு கலந்தது. சிலாங்கூர் ஆற்று நீரைச் சுத்திகரிக்கும் நான்கு நிலையங்கள் மூடப்பட்டன. ஏறத்தாழ 12 லட்சம் இணைப்புகளில் குழாய் வறண்டது. கோலசிலாங்கூரும் தப்பவில்லை. அந்த நிலையங்களில் சில நம் பெஸ்தாரி ஜெயா பக்கத்தில்தான் இருக்கின்றன என்பது வேறு விஷயம்!

இப்படி வாளியோடு லாரிக்குக் காத்திருக்கும் நாள்களில், "வீட்டுக்குப் பின்னால் ஒரு குழாய்க்கிணறு போட்டால் என்ன?" என்ற பேச்சு எழுவது இயல்பு. போடலாம். ஆனால் யாரைக் கொண்டு போடுவது? சுங்கை செம்பிலாங் போன்ற கடலோர ஊரில் இந்தக் கேள்விக்கான பதில் மண்ணுக்கு அடியில் இருக்கிறது.

சுமார் 5,000 ஆண்டுகளுக்கு முன் இங்கே கடல்மட்டம் இன்றைவிடச் சில மீட்டர் உயரமாக இருந்தது. இன்று செம்பனை நிற்கும் சமவெளியில் பெரும்பகுதி, கடல் விட்டுச்சென்ற சேறு. மேலே மென்மையான கடற்களிமண், அதற்குக் கீழே மணலும் கூழாங்கல்லும், இன்னும் கீழே பாறை. களிமண்ணில் நீர் நிறைய இருந்தாலும் அது எளிதில் நகராது. நமக்குத் தேவை மணல் அடுக்கில் ஓடும் நீர். பழைய கடலின் உப்பு சில அடுக்குகளில் இன்னும் தங்கியிருக்கிறது. ஆகவே, தண்ணீர் வந்துவிட்டது என்பதாலேயே கிணறு வெற்றி என்று சொல்லிவிட முடியாது. எந்த அடுக்கிலிருந்து வந்தது என்பதே முக்கியம்.

துளை போடும் இயந்திரம் யாரிடமும் இருக்கலாம். தேர்ந்த குத்தகையாளர், துளையிலிருந்து வெளிவரும் மண்ணை மீட்டருக்கு மீட்டர் எடுத்துப் பார்த்துக் குறித்துக்கொள்வார். நல்ல மணல் அடுக்கு எந்த ஆழத்தில் இருக்கிறதோ, அங்கே மட்டும் மெல்லிய பிளவுகள் கொண்ட சல்லடைக் குழாயை இறக்குவார். மற்ற இடங்களில் பிளவில்லாத குழாய். சல்லடையைச் சுற்றிச் சிறு கூழாங்கற்களை நிரப்புவார். இல்லாவிட்டால் நுண்மணல் உள்ளே புகுந்து பம்பைத் தின்றுவிடும். அதற்கு மேல், குழாய்க்கும் துளையின் சுவருக்கும் நடுவே உள்ள வளைய இடைவெளியைச் சிமெண்டுக் குழம்பாலோ பெண்டோனைட் களிமண்ணாலோ அடைப்பார்.

கடைசியாகச் சொன்ன அடைப்பை நான் மிக முக்கியமாகக் கருதுகிறேன். செலவைக் குறைக்க நினைப்பவர் முதலில் விடுவதும் இதைத்தான், ஏனென்றால் வேலை முடிந்தபின் வெளியே தெரியாது. அது இல்லாவிட்டால் மழைநீர், உரம் கலந்த தோட்டத்து நீர், கழிவுத் தொட்டியின் கசிவு எல்லாம் குழாயின் வெளிப்பக்கமாகவே வழுக்கி இறங்கும். பத்தாயிரம் ரிங்கிட் செலவழித்தாலும் குடிப்பது சாக்கடையோரத்து நீராகிவிடும்.

அடுத்து இரும்பு. கிணற்றிலிருந்து எடுத்த நீர் கண்ணாடி போலத் தெளிவாக இருக்கும். சில மணி நேரம் வைத்தால் மஞ்சளாகி, அடியில் செம்பழுப்பாகப் படியும். மண்ணுக்குள் ஆக்சிஜன் இல்லாததால் இரும்பு கரைந்த நிலையில் இருக்கிறது. காற்றுப் பட்டதும் ஆக்சிஜனோடு சேர்ந்து கரையாத துருவாகிறது. அந்த நீரில் தேநீர் போட்டால் கறுத்துவிடும். குடிநீரில் இரும்பு லிட்டருக்கு 0.3 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும் என்பது மலேசிய அளவு. நிலத்தடி நீரைப் பெரிதும் நம்பியிருக்கும் கிளந்தானிலும் இதே தொல்லை உண்டு. நீரில் காற்றைக் கலந்து, துருவை வடிகட்டி நீக்குகிறார்கள்.

இரும்பை நீக்கிவிடலாம். உப்பு அப்படியல்ல. ஒரு சின்னக் கணக்குப் போடுவோம். ஒரு லிட்டர் நன்னீர் 1,000 கிராம். கடல்நீர் சுமார் 1,025 கிராம். வித்தியாசம் 25 கிராம். 1,000ஐ 25ஆல் வகுத்தால் 40. திறந்த மணற்பாங்கான கடற்கரையில் நிலத்தடி நன்னீர் கடல்மட்டத்துக்கு மேல் 1 மீட்டர் நின்றால், கடல்மட்டத்துக்குக் கீழே சுமார் 40 மீட்டர் வரை அது உப்புநீரைத் தள்ளி வைத்திருக்கும். இதுதான் கைபென்–ஹெர்ஸ்பெர்க் விதி. திருப்பிப் பாருங்கள்: ஓயாமல் இறைத்து அந்த மட்டத்தை அரை மீட்டர் இறக்கினால், காலப்போக்கில் கீழிருந்து உப்பு 20 மீட்டர் ஏறிவரலாம். களிமண் அடுக்குகள் குறுக்கே இருக்கும் இடங்களில் கணக்கு சிக்கலாகும். ஆனால் ஆபத்து அதேதான். சென்னைக்கு வடக்கே மீஞ்சூரில் பல ஆண்டுகள் அளவுக்கு மீறி இறைத்ததில் கடல்நீர் பல கிலோமீட்டர் உள்ளே வந்துவிட்டது. அதனால்தான் நல்ல குத்தகையாளர், கிணறு தயாரானதும் பல மணி நேரம் தொடர்ந்து இறைத்து, மட்டம் எவ்வளவு இறங்குகிறது, நிறுத்தியபின் எவ்வளவு வேகமாக ஏறுகிறது என்று அளந்துவிட்டே பம்பின் அளவைச் சொல்வார். அளக்காமலே "பெரிய பம்ப் போடுங்க அண்ணே" என்பவரிடம் கவனமாக இருங்கள்.

சட்டமும் உண்டு. சிலாங்கூரில் நீர்வளம் 1999ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி லுவாஸ் எனும் நீர் நிர்வாக வாரியத்தின் பொறுப்பில் இருக்கிறது. துளை போடுமுன் அங்கே அனுமதி பற்றிக் கேட்க வேண்டும். அந்த வட்டாரத்து நிலத்தடி விவரங்களைக் கனிம, புவி அறிவியல் துறையிடம் விசாரிக்கலாம். "அதெல்லாம் தேவையில்லை" என்று சொல்பவரை அனுப்பிவிட்டு வேறொருவரைத் தேடலாம்.

தண்ணீர் கிடைக்காத துளையை என்ன செய்வீர்கள் என்றும் மறக்காமல் கேளுங்கள். 2019 அக்டோபர் 25 அன்று, தமிழ்நாட்டில் மணப்பாறை அருகே நடுக்காட்டுப்பட்டியில், கைவிடப்பட்ட குழாய்க்கிணறு ஒன்றில் இரண்டு வயதுக் குழந்தை விழுந்தது. ஏறத்தாழ 80 மணி நேரம் போராடியும் காப்பாற்ற முடியவில்லை. துளை போடும் நிறுவனம் பதிவு பெற்றிருக்க வேண்டும், கைவிட்ட துளையை அடியிலிருந்து மேல்வரை நிரப்ப வேண்டும் என்று இந்திய உச்ச நீதிமன்றம் 2010லேயே சொல்லியிருந்தது. நிரப்பாத துளை குழந்தைகளுக்கு மட்டுமல்ல, நிலத்தடி நீருக்கும் ஆபத்து. மேலே உள்ள அழுக்கு நேராகக் கீழே போகும் வழி அது.

வேலை முடிந்ததும் நீரை ஆய்வுக்கூடத்தில் சோதித்த முடிவையும், மண் அடுக்குகள், சல்லடையின் ஆழம், நீர்மட்டம் எல்லாம் எழுதிய கிணற்றுப் பதிவையும் கையில் வாங்கி, வீட்டுப் பத்திரத்தோடு வைக்கச் சொல்லுங்கள். பத்து ஆண்டு கழித்துத் தண்ணீர் குறைந்தாலோ உப்புக் கரித்தாலோ, பழுதுபார்க்க வருபவர் முதலில் கேட்கப்போவது அந்தத் தாளைத்தான்.