ஸ்கேன் மருந்து எந்த வழியில் வெளியேறுகிறது?

ஒன்பதாம் வகுப்பில் நெஃப்ரான் படம் வரைந்துகொண்டிருந்தபோது ஒரு மாணவி கேட்டாள்: “அப்பாவுக்கு சி.டி. ஸ்கேனுக்கு முன்னாடி ஊசி போட்டாங்க. அந்த மருந்து உடம்புலயே தங்கிடுமா, டீச்சர்?” அன்றைய பாடத்துக்கு அதுவே நல்ல எடுத்துக்காட்டாக அமைந்தது.

அந்த ஊசியில் இருப்பது அயோடின் கொண்ட கான்ட்ராஸ்ட் மருந்து. அதன் மூலக்கூறுகள் சிறியவை, நீரில் கரைபவை. குளாமருலஸ் அவற்றை வடிகட்டுகிறது. குளுக்கோஸை மீள உறிஞ்சும் நுண்குழல்கள் இவற்றை உறிஞ்சுவதில்லை. சிறுநீரகம் நலமாக இருந்தால், சுமார் 2 மணி நேரத்தில் பாதியும், 24 மணி நேரத்தில் ஏறக்குறைய முழுவதும் சிறுநீரில் வெளியேறிவிடும்.

கல்லீரலுக்கான எம்.ஆர்.ஐ. ஸ்கேனில் பயன்படும் கேடோக்சிட்டேட் இரு வழிகளில் செல்கிறது. ஏறக்குறைய பாதியைக் கல்லீரல் செல்கள் எடுத்துப் பித்தநீரில் சேர்க்கின்றன. அது குடல் வழியே மலத்துடன் வெளியேறும். மீதி சிறுநீரில். பித்தநீர் செரிமானத்துக்கு மட்டுமன்று, கழிவுநீக்கத்துக்கும் உரியது என்பதை மாணவர்களுக்கு இங்கே விளக்கலாம்.

ஸ்கேனுக்கு முன் கிரியேட்டினின் பரிசோதனை ஏன்? வடிகட்டும் திறன் குறைந்தவர் உடலில் மருந்து நெடுநேரம் தங்கும். ஆகவே சர்க்கரை நோயோ சிறுநீரகக் கோளாறோ இருப்பவர்கள் மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்ல வேண்டும். இதை வகுப்பில் சொல்லுங்கள். மாணவர்கள் வழியே வீட்டுக்குப் போய்ச் சேரும்.